சிவப்பு மை கேட்காத கேள்வி

மாணவரொருவர் சிலப்பதிகாரம் பற்றி எழுதிய கட்டுரை. "விதிவசத்தால் கோவலன் கொல்லப் பட்டான்" என்பது அதில் ஒரு வாக்கியம். திருத்திய ஆசிரியரின் சிவப்பு மை, பிரிந்துநின்ற 'பட்டான்' என்பதைச் சேர்த்துவிட்டு ஓய்ந்தது!

ஒற்றும் சந்தியும் வேண்டாமென்போமா? 'வேலை கொடு' என்றால் பணி கேட்கிறோம். 'வேலைக் கொடு' என்றால் படைக்கலம் கேட்கிறோம். ஆனால், கொன்றவன் எங்கே, தோழர்களே? செயப்பாட்டுவினைக்குள் ஒளிந்துகொண்டானன்றோ!

ஊழ்வினையைப் பேசும் நூல்தான், மறுக்கவில்லை. எனினும், பொற்கொல்லன் சொல்லை நம்பி ஆராயாது ஆணையிட்டவன் பாண்டியன் என்பதும், பிழை தனதேயென ஒப்பி உயிர்விட்டவன் அவனே என்பதும் அந்நூலிலேயே உண்டு. "அரசன் ஆராயாது ஆணையிட்டான், காவலருள் ஒருவன் வெட்டினான்" என்றன்றோ திருத்தியிருக்கவேண்டும்? அரசனே தன்மேல் ஏற்ற பழியை, மாணவரே, நீர் ஏன் விதியின் தலையில் இறக்கினீர்?