பாயும் முகமும்

மலாக்கா மாநிலத்தில் புக்கிட் லிந்தாங் என்னுமிடத்தில் டான் சாய் யான் 1896ஆம் ஆண்டு ரப்பர் நட்டார். மலாயாவில் வாணிக நோக்குடன் தோன்றிய முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே. அதன்பின் காடுகள் பால்மரக் காடுகள் ஆயின. பால் வெட்டத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தனர். இவ்வரலாறு தமிழ்ப் பள்ளிகளில் சொல்லப்படுவதே. ஆயின், அழிந்த காடு ஆளில்லாக் காடு அன்று என்பது அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. மலாக்காவின் உள்நாட்டுக் காடுகள் தெமுவான் என்னும் பழங்குடி மக்களின் வாழ்விடமாக இருந்தன. அலோர் காஜா வட்டாரத்தில் அவர்தம் சிற்றூர்கள் இன்றும் உள்ளன. தோட்டத்துக்கு அண்டை அயலாராக வாழ்ந்தும் தமிழ்க் கதைகளில் அவர்கள் பெற்ற இடம் மிகச் சிறிது.

அண்டை அயலாரிடமிருந்து கற்பதற்கும் உண்டு. சிறு குலம் ஒன்றில் பிறந்த கலைஞன் தன் மனம் கண்டதை வரைவதா, தன் குலத்தின் உயர்வை வரைவதா என்பது தோட்டத் தமிழ் எழுத்தாளரை நெடுங்காலமாக வருத்திவரும் வினா. சமுதாயத்துக்குப் பயன்படாத எழுத்து எழுத்தன்று என்பர் ஒரு சாரார். பயனை நோக்கி எழுதுவது பரப்புரையே அன்றிக் கலை ஆகாது என்பர் மற்றொரு சாரார். இவ்வினாவுக்குத் தெமுவான் ஓவியர் ஒருவர் தம் தூரிகையால் விடை தேடிவருகிறார். அவர் பெயர் ஷாக் கோயோக்.

சிலாங்கூரில் பந்திங் நகருக்கு அருகிலுள்ள புலாவ் கெம்பாஸ் அவர் ஊர். மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை பயின்றவர். குவாலா லங்காட் வட காட்டுக் காப்பகத்தின் பெரும்பகுதியைக் காப்புநிலையிலிருந்து நீக்கும் முயற்சி 2020இல் எழுந்தபோது எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களுள் அவரும் ஒருவர். எதிர்ப்பு வலுத்து 2021இல் அம்முடிவு கைவிடப்பட்டது. தம் குலத்துக்காகப் பேசுவதில் அவருக்குத் தயக்கம் இல்லை.

ஆயினும், அவர் ஓவியங்களைக் கூர்ந்து நோக்குவோர் கண்ணில் முதலிற் படுவது முழக்கம் அன்று, பாய். தாழை இனத்தைச் சேர்ந்த மெங்குவாங் ஓலையால் தெமுவான் மக்கள் முடையும் பாயையே அவர் பல படங்களுக்குத் திரையாகக் கொள்கிறார். அதன்மேல் தம் மக்களின் முகங்களை வரைகிறார். வண்ணத்தைத் தடிப்பாகப் பூசிப் பின்னலை மறைத்துவிடுவதில்லை. கன்னத்தின் ஊடும் நெற்றியின் ஊடும் ஓலையின் குறுக்கு நெடுக்கு தெரிகிறது. பாய் ஊரின் உடைமை. அதை முடையும் முறையைத் தாயிடமிருந்து மகள் கற்றாள். அதன்மேல் எழுந்த முகமோ ஒருவருடையது. அதன் சுருக்கமும் பார்வையும் வேறெவருக்கும் உரியன அல்ல. பொதுமையும் தனிமையும் ஒரே படத்தில் ஒன்றையொன்று அழிக்காமல் நிற்கின்றன.

இம்முறைக்கு ஓர் இடரும் உண்டு. காட்டை இழந்த குலத்தின் துயரை மட்டும் கேட்டு வருவோர் பெருகினால், ஒவ்வொரு முகமும் அத்துயரின் அறிவிப்புப் பலகையாகிவிடும். சிரிப்பவரும், சினப்பவரும், பொறாமை கொள்பவரும் அக்குலத்தில் இல்லாதது போலத் தோன்றும். குலத்தின் அடையாளமாக மட்டும் நிற்கும் முகத்தைக் காட்டிலும், இன்ன கிழவியின் முகம் என்று நிற்கும் முகமே நெடுநேரம் பார்க்கச் செய்கிறது. அவருடைய நல்ல படங்கள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

மலைவாழ் மக்களைப் பாடுவது தமிழுக்குப் புதிதன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியில் குறத்தி தன் மலைவளத்தை எடுத்துரைக்கும் பகுதியைச் சுவையாத தமிழாசிரியர் இலர். அந்நூலுக்காக மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் கவிராயருக்கு அளித்த நிலம் குறவஞ்சிமேடு எனப் பெயர் பெற்றது. பாட்டு சிறந்தது, அதில் ஐயமில்லை. ஆனால், குறத்தி பேசுவதெல்லாம் கவிராயர் அவளுக்குத் தந்த பேச்சே. குறத்தி தானே பேசியிருந்தால் மலைவளத்தோடு மலையில் பட்ட பாட்டையும் பேசியிருப்பாள் அன்றோ?

அவ்வாறு தாமே பேசியவர் கேரளத்து நாராயண். மலை அரையர் குலத்தில் பிறந்து அஞ்சல் துறையில் பணியாற்றியவர். அவருடைய 'கொச்சரேத்தி' என்னும் மலையாள நாவல் 1998இல் வெளிவந்தது. பழங்குடியினரைப் பற்றிப் பிறர் தீட்டிய பொய்ச் சித்திரங்களை மறுப்பதே அவர் நோக்கம். மறுக்க வந்தவர் தம் குலத்துக்குப் பொன்முலாம் பூசியிருக்கலாம், பூசவில்லை. காட்டையும் விளைச்சலையும் கவர்ந்த வெளியாரைக் காட்டிய அதே கையால், தம்மவரின் அச்சங்களையும், படித்து நகர் சென்ற மகள் பெற்றோரிடமிருந்து விலகிப்போவதையும் காட்டினார். குறையையும் கூறியவர் ஆதலின் அவர் கூறிய கொடுமை நம்பப்பட்டது.

இதற்குரிய விலை எளிதன்று. 1992இல் பாமா எழுதிய 'கருக்கு' வெளிவந்தபோது முதலில் சினந்தவர் அவர் ஊராரே. தங்களை இழிவுபடுத்திவிட்டதாக எண்ணினர். சில மாதங்கள் அவர் ஊருக்குள் செல்ல இயலவில்லை. பின்னர் அவ்வூர் இளைஞரே அந்நூலைப் படித்துக் காட்ட, அது தங்களுக்காக எழுதப்பட்டது என்பதை ஊரார் உணர்ந்தனர். குலத்துக்குத் தொண்டாற்றும் நூலைக் குலம் முதல் நாளிலேயே அறிந்துகொள்ளும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

இங்கே ஒரு தடை எழுப்பலாம். நிலமே பறிபோகும் குலத்துக்குக் கலைஞனின் தனி உரிமை எதற்கு, அவன் குலத்தின் வழக்குரைஞனாக நின்றால் போதாதா என்பது அது. தள்ளத்தக்க தடை அன்று. பந்திங் காட்டுக்குக் குரல் தேவைப்பட்டபோது ஓவியரும் குரல் கொடுத்தார். ஆனால், வழக்குமன்றத்தில் சாட்சிக்கும் வழக்குரைஞருக்கும் வேலை வேறு. வழக்குரைஞர் தம் கட்சிக்கு வேண்டியதைச் சொல்வார். சாட்சி கண்டதைச் சொல்ல வேண்டும். கலைஞன் சாட்சி. அவன் வழக்குரைஞனைப் போலப் பேசத் தொடங்கினால், குலம் வழக்குரைஞர் ஒருவரைக் கூடுதலாகப் பெறும். இருந்த ஒரே சாட்சியை இழக்கும்.

மலாக்கா மக்களுக்கு இவ்வுண்மை பழகியதே. 2018இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்ற டொண்டாங் சாயாங் பாட்டை மலாய்க்காரர், பாபா நோன்யா, செட்டிகள், போர்த்துகீசியர் ஆகிய நான்கு சமூகத்தாரும் பாடுகின்றனர். இவர்களுள் செட்டிகள் பழந்தமிழ் வணிகரின் வழிவந்தோர். தமிழ்ப் பேச்சை இழந்தும், 1781இல் எழுந்த பொய்யாத மூர்த்தி கோயிலையும் சைவ வழிபாட்டையும் இழக்காதவர். அப்பாட்டில் மெட்டும் பந்துன் யாப்பும் பொது. எதிரில் நிற்பவர் பாடியதற்கு அந்நொடியில் எழும் மறுமொழியோ பாடுபவருடையது. மனப்பாடம் செய்த விடையைப் பாடுபவர் மெட்டைக் காப்பாற்றுவார். சுவையைக் காப்பாற்ற மாட்டார்.

தோட்டத் தமிழ்க் கதைகளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். 1950இல் 'தமிழ்நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்திய காலந்தொட்டே, கதையைக் கதையாகப் பார்க்கும் பழக்கம் இந்நாட்டில் தொடங்கிவிட்டது. ஆயினும், லயத்துக் குடியையும் குடும்பச் சண்டையையும் எழுதியவரைச் சமுதாயத்தைக் காட்டிக்கொடுத்தவர் என்பாரும், கண்ணீர் வடித்த காரணத்துக்காகவே கதையைப் போற்றுவாரும் இன்றும் உளர். இரு திறத்தாரும் கதையைப் படிக்கவில்லை; கதையில் தம் குலத்தின் புகைப்படத்தைத் தேடினர்.

மலாக்காத் தோட்டங்கள் பல கைமாறிவிட்டன. ரப்பர் நின்ற நிலத்தில் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் வந்துள்ளன. லயத்தில் பிறந்தவரின் பேரப்பிள்ளைகள் நகரப் பள்ளிகளில் பயில்கின்றனர். அப்பிள்ளைகளுள் ஒருவர் தம் பாட்டியைப் பற்றிக் கட்டுரை எழுதிவரின், நம் சமுதாயத்தின் தியாகம் என்ற சொற்றொடரை ஆசிரியர் அதிற் சேர்க்க வேண்டியதில்லை. பாட்டி எத்தனை மணிக்கு எழுந்தாள், பால்வாளியை எந்தக் கையில் பிடித்தாள், யாரிடம் கோபித்தாள் என்று கேட்டால் போதும். விடை தெரியாத பிள்ளை வீட்டுக்குச் சென்று கேட்டு வரும்.