கிணறு கூட வரவில்லை

ஒரு பாட்டைக் கேட்டதும் 'என்ன ராகம்?' என்று விசாரிப்பது நம்மவர் பழக்கம். ராகத்தின் பெயர் தெரிந்துவிட்டால் பாதிப் பாட்டு புரிந்துவிட்ட மாதிரி ஒரு திருப்தி. மேல்நாட்டு ரசிகர்களும் இதற்கு விலக்கில்லை. அவர்கள் 'எந்த ஸ்ருதி?' என்று கேட்பார்கள். இந்த ஸ்ருதிக்குக் கம்பீரம், அந்த ஸ்ருதிக்குச் சோகம் என்று அவர்களிடம் ஒரு பட்டியலும் உண்டு. காலப்பிரமாணத்தைப் பற்றி இரண்டு தரப்பிலும் கடைசியில்தான் பேச்சு வரும். நானும் அப்படித்தான் இருந்தேன். நெய்வேலியில் ஒரு நண்பர் வீட்டு வராந்தாவில் கழித்த ஒரு சாயங்காலம்தான் என்னை மாற்றியது.

விஷயம் சில நிமிஷங்களே ஒலிக்கும் ஓர் உருப்படியைப் பற்றியது. 1986-இல் இளையராஜா 'ஹவ் டு நேம் இட்' என்ற வாத்திய இசைத் தொகுப்பை வெளியிட்டார். தியாகராஜருக்கும், பாக் என்ற ஜெர்மானிய மேதைக்கும் சமர்ப்பணம் செய்யப்பட்டது அது. அதில் ஒன்றுக்கு 'பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்' என்ற பொருளில் ஆங்கிலத் தலைப்பு. அடுத்த உருப்படியின் தலைப்பு அந்த வாக்கியத்தின் மிச்சம்: 'பிறகு பேசிக்கொண்டிருந்தோம்.' பாக் தனி வயலினுக்கு எழுதிய ஒரு முன்னிசையை வி. எஸ். நரசிம்மன் வாசிக்கிறார். அதைச் சுற்றி இளையராஜா தம்முடைய வாத்தியங்களைச் சேர்த்திருக்கிறார்.

முதல் தடவை கேட்டபோது எனக்குப் பிடிக்கவில்லை. நிறைந்த குடத்தில் எதற்கு இன்னொரு செம்பு தண்ணீர் என்று நண்பரிடம் சொன்னேன். அவர் சுரங்கத்தில் நீர் இறைக்கும் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; ஒழிந்த நேரத்தில் வயலின் கற்றுக்கொண்டவர். மறுத்துப் பேசவில்லை. "இருங்க சார், பாக்கே இதை என்ன செய்தார் என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்" என்று வேறோர் ஒலிப்பதிவைப் போட்டார்.

அந்த முன்னிசையின் சரித்திரம் சுவையானது. தனி வயலினுக்கான ஆறு படைப்புகளைப் பாக் தம் கையாலேயே அழகாகப் பிரதி எடுத்து 1720 என்று வருஷமும் போட்டிருக்கிறார். அவற்றில் கடைசியின் வாசல்தான் இது. மேல்நாட்டார் 'ஈ மேஜர்' என்பார்கள். நம் காதுக்குச் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். ஆனால் சங்கராபரணம் அல்ல. கமகம் இல்லை, தம்பூரா இல்லை. ஆதார ஷட்ஜமே நடுநடுவில் இடம் பெயர்ந்துவிட்டுத் திரும்பி வரும். 1731 ஆகஸ்டு 27-ஆம் தேதி லைப்சிக் நகரசபையின் புதிய உறுப்பினர்கள் பதவியேற்றபோது, மாதா கோவில் வழிபாட்டுக்காக இதே முன்னிசையை அவர் வாத்திய கோஷ்டிக்கு மாற்றி எழுதினார். வயலின் வாசித்ததை ஆர்கன் வாசிக்கிறது. கூடவே மூன்று எக்காளங்கள், பேரிகை, ஓபோ, தந்தி வாத்தியங்கள் எல்லாம். ஸ்ருதியும் ஈ-யிலிருந்து டி-க்கு, ஒரு முழு ஸ்வரம் கீழே இறங்கிவிட்டது.

ஏன் இறக்கினார்? ஈ சந்தோஷத்துக்கும் டி வெற்றிக்கும் ஏற்றவை என்று சிலர் விளக்குவார்கள். எனக்குக் காரணம் அவ்வளவு உயரத்தில் இருப்பதாகத் தோன்றவில்லை. அந்தக் காலத்து எக்காளத்துக்கு வால்வு கிடையாது. குழாயின் நீளத்துக்கு இயல்பாக எழும் ஸ்வரங்களை மட்டும்தான் ஊத முடியும். பாக்கின் ஊரில் வழங்கிய எக்காளங்களுக்கு டி தோதானது. ஆகவே மற்ற வாத்தியங்கள் எல்லாம் எக்காளத்தின் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. நம் நாகஸ்வரத்தின் கதையும் இதுதான். உச்சஸ்ருதியில் ஒலிக்கும் திமிரி வீதியில் முழங்குவதற்கு ஏற்றது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நீளமான பாரியை எடுத்துக்கொண்டார், ஸ்ருதி இறங்கியது. அவருடைய தோடியின் ஆழத்துக்கு அந்த இறங்கிய ஸ்ருதி மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அதில் அவர் நின்று நிதானித்து வாசித்த காலமும் இருக்கிறது.

"அப்படியானால் ஸ்ருதி மாறினால் ஒன்றும் குறைவதில்லை. நம்மில் ஒன்றரைக் கட்டையில் பாடினாலும் ஐந்து கட்டையில் பாடினாலும் கல்யாணி கல்யாணிதானே?" என்றேன்.

நண்பர் வயலினை எடுத்து, மேல்நாட்டு முறையில் ஸ்ருதி கூட்டிக்கொண்டு, உயரத் தந்தியை விரல் வைக்காமல் மீட்டினார். அதன் ஸ்வரமே ஈ. பாக் அந்தத் திறந்த தந்தியைக் கிணறு மாதிரி வைத்துக்கொண்டிருக்கிறார். அதே ஸ்வரம் ஒரு முறை திறந்த தந்தியிலும் மறுமுறை பக்கத்துத் தந்தியில் விரல் அழுத்தியும் மாறிமாறி வரும். ஒன்று வெயிலாகவும் மற்றது நிழலாகவும் மின்னும். அந்த இடத்தை நிதானமாக வாசித்துக் காட்டினார். "ஆர்கனில் இந்த ஸ்வரங்கள் எல்லாம் வரும். இந்த மினுக்கு வராது" என்றார்.

பிறகு வில்லைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "என் சிறு வயசில் சுரங்கத்துக்காக எங்கள் ஊரே இடம் மாறிற்று சார். ஜனங்கள் வந்தார்கள். சாமியையும் எடுத்து வந்தோம். கிணறு கூட வரவில்லை."

அதை ஒரு குறையாக அவர் சொல்லவில்லை. அந்தச் சுரங்கத்திலேயே சம்பாதித்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். ஆனால் என் வாதத்தின் குறை எனக்குத் தெரிந்துவிட்டது. ஸ்ருதியை மாற்றினால் பாட்டு பிழைத்துக்கொள்ளும் என்பது உண்மை. ஒன்றும் இழக்காது என்பது உண்மையல்ல.

அப்படியானால் கூடவே வந்தது எது? ஓட்டம். இந்த முன்னிசைக்குப் பாக் காலக்குறிப்பு ஒன்றும் எழுதவில்லை. வேகமாக என்றோ, மெதுவாக என்றோ ஒரு வார்த்தை கிடையாது. சில இடங்களில் 'உரக்க', 'மெல்ல' என்பதற்கான குறிகள் மட்டும் உண்டு. ஆனால் 138 தாள அளவுகளில், தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு துளி தவிர, பொடி ஸ்வரங்கள் இடைவெளியே இல்லாமல் ஓடுகின்றன. அந்த நெருக்கமே காலத்தைச் சொல்லிவிடுகிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் ஊற்று நீர் பெரும் அழுத்தத்தோடு இருக்கிறது. ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் மேலே வெட்ட முடியும். பம்பு ஓடும்போது அந்தச் சத்தம் தம் காதில் விழுவதில்லை, நின்றால்தான் விழும் என்று நண்பர் சொல்வார். பாக்கின் ஓட்டமும் அப்படி. வயலினில் அது தனி மனிதனின் விளையாட்டு. எக்காளங்களோடு சேர்ந்தபோது ஊர்த் திருவிழா. பாவம் மாறியது, கூட இருந்தவர்களால். ஓட்டம் மாறவில்லை. அதனால்தான் இரண்டும் ஒரே பாட்டு என்று முதல் இரண்டு வினாடியிலேயே அடையாளம் தெரிகிறது.

இதற்குப் பிறகு இளையராஜாவை மறுபடியும் கேட்டோம். இப்போது அவர் எதைச் செய்யாமல் விட்டார் என்பது தெரிந்தது. வயலினைத் தம் வாத்தியங்களின் வசதிக்காக அவர் குடிபெயர்க்கவில்லை. திறந்த தந்தியின் மினுக்கு அப்படியே இருக்கிறது. ஓட்டத்தையும் தளர்த்தவில்லை. மற்ற வாத்தியங்கள்தான் அந்த ஓட்டத்துக்குத் தங்களைப் பழக்கிக்கொண்டு வந்து சேருகின்றன. தலைப்பில் 'என் வீட்டில்' என்று இருக்கிறது. ஆனால் வந்த விருந்தாளிக்காக வீட்டுக்காரர்தான் நாற்காலிகளை நகர்த்தியிருக்கிறார். இந்த மரியாதை எனக்குப் பிடித்தது.

என் பழைய ஆட்சேபத்தை முழுவதும் வாபஸ் வாங்கவில்லை. தனி வயலின் ஓடும்போது அடியில் சொல்லப்படாத வேறு குரல்களும் நம் மனசில் ஒலிக்கும். அவற்றை நாமே கேட்டுக்கொள்வதில்தான் அந்த முன்னிசையின் சுகம் பாதி. இளையராஜா அந்த இடத்தில் நிஜமான குரல்களை வைத்துவிட்டார். கதையில் எழுதாமல் விட்ட வரியை இன்னொருவர் எழுதிக் காட்டியது போல அது எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. வரி நன்றாக இருந்தாலும் என் கற்பனைக்கு இருந்த இடம் போய்விடுகிறது.

ஆனாலும், பழைய கதை ஒன்றை நான் திருப்பி எழுத உட்கார்ந்தால் இனி ஊரையும் பெயரையும் மாற்றுவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசிப்பேன். கதையின் ஓட்டம் எப்படியும் கூட வந்துவிடும். கிணறு வருமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.