தங்கவயலும் தங்கச்சுரங்கமும்: தொகைச்சொல்லின் பொருத்துவாய் பற்றி

தமிழ்த் தொகைச்சொற்களில் வல்லொற்று மிகுதலைப் பற்றி இன்று இரு கருத்துகள் நிலவுகின்றன. அது மரபு வழி வந்த எழுத்தழகு மட்டுமே, இக்கால உரைநடைக்குத் தேவையில்லை என்பது ஒன்று. நன்னூல் விதித்த இடமெல்லாம், கடன்சொல்லாயினும், மிகுந்தே தீரவேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் பொருத்துவாயில் நிகழும் அசைப்பிரிப்பைக் கருத்திற் கொள்ளவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். சான்றுகள் பெரும்பாலும் கருநாடகத்தின் கோலார் தங்கவயல் பகுதியிலிருந்து எடுக்கப்படுகின்றன. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஆங்கிலமும் ஒரே தெருவில் வழங்கும் அப்பகுதியின் பெயர்கள், தொகைச்சொல் ஆய்வுக்கு நல்ல களம்.

முதலில் ஊர்ப்பெயரையே நோக்கலாம். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய சுரங்கங்களை ஆங்கிலேயர் 'கோல்டு ஃபீல்ட்ஸ்' என்றனர். ஆங்கிலத்தில் அச்சொல் உழுநிலத்தைக் குறிப்பதன்று. கனிமம் பரவிக் கிடக்கும் பரப்பைக் குறிப்பது. தமிழர் அதனைத் 'தங்கவயல்' என உறுப்புக்கு உறுப்பு பெயர்த்துக்கொண்டனர். கன்னடத்தார் 'சின்னத கணி' என்றனர். அங்கு ஆறாம் வேற்றுமை உருபு வெளிப்பட நிற்கிறது. பொருளும் சுரங்கம் என்றே அமைகிறது. தமிழ்ப் பெயர்ப்பைப் பிழை என்று எள்ளுவாரும் உளர். எள்ளல் பொருந்தாது. தொகைகள் அனைத்தும் ஒரு சொல்லின் தன்மையன என்று தொல்காப்பியர் எச்சவியலில் கூறுவதன் உட்பொருளே, உறுப்புகளின் பொருளைக் கூட்டித் தொகையின் பொருளைப் பெற இயலாது என்பதுதான். 'எண்ணெய் வயல்' என்று எழுதும் நாம் அங்கு நெல்லைத் தேடுவதில்லை.

பொருளை விடுத்து வடிவத்திற்கு வருவோம். 'தங்கம்' என்னும் நிலைமொழி 'சுரங்கம்' என்பதோடு புணரும்போது மகரம் கெட்டுச் சகரம் மிகும்: தங்கச்சுரங்கம். 'வயல்' என்பதோடு புணரும்போது மகரம் கெடும். எதுவும் மிகாது: தங்கவயல். இவ்விரண்டையும் யாப்பு முறைப்படி அசை பிரித்துப் பார்த்தால் வேறுபாடு புலனாகும். தங்கச்சுரங்கம் என்பது தங் / கச் / சுரங் / கம் எனப் பிரியும். மிகுந்த சகர ஒற்று முன்னுறுப்பின் இறுதி அசையை மூடிவிடுகிறது. அசையின் எல்லையும் சொல்லின் எல்லையும் ஓரிடத்தில் அமைகின்றன. தங்கவயல் என்பதோ தங் / கவ / யல் எனப் பிரியும். 'கவ' என்னும் நிரையசை பொருத்துவாயைத் தாண்டி நிற்கிறது. யாப்பியலார் வகையுளி என்பது போன்றதொரு நிலை, செய்யுளில் அன்றிப் பேச்சுச் சொல்லிலேயே உண்டாகிவிடுகிறது.

இதே சோதனையை அப்பகுதியின் பிற பெயர்களிலும் செய்யலாம். மாரிக்குப்பம் என ஒற்று மிக எழுதினால் மா / ரிக் / குப் / பம். ஒற்றின்றி மாரிகுப்பம் என எழுதினால் மா / ரிகுப் / பம்; 'ரிகுப்' என்னும் அசை இரு சொற்களையும் விழுங்கிக்கொள்கிறது. முன்னர் பௌரிங்பேட்டை எனப்பட்டுப் பின்னர் பங்காரப்பேட்டையான ஊரின் பெயரும் அவ்வாறே: ஒற்றுடன் பங் / கா / ரப் / பேட் / டை, ஒற்றின்றி பங் / கா / ரபேட் / டை. இனி ராபர்ட்சன்பேட்டை. நிலைமொழியின் இறுதி னகரம் தானே அசையை மூடி நிற்கிறது: ரா / பர்ட் / சன் / பேட் / டை. இங்கு மிகுவதற்கு எதுவுமில்லை. பொன், குடம் இரண்டும் பொற்குடம் ஆவது போல் னகரத்தை றகரமாக்கி எவரும் எழுதுவதுமில்லை. அவ்வாறு செய்தால் மனிதப் பெயரே சிதைந்துவிடும். ஆண்டர்சன்பேட்டைக்கும் இதுவே விடை.

ஆகவே வல்லொற்று மிகுதல் முன்னுறுப்பின் இறுதி அசையை மூடிப் பொருத்துவாயைக் காட்டும் செயலைச் செய்கிறது. க, ச, த, ப என்னும் நான்கு எழுத்துகளில் தொடங்கும் வருமொழிக்கே இவ்வாய்ப்பு உண்டு, வகரத்திற்கு இல்லை. எனவே இதனை முழுமையான எல்லைக்குறி என்றால் மிகையாகும். வாய்ப்புள்ள இடத்தில் தமிழ் அதனைப் பயன்படுத்துகிறது என்ற அளவில் நிறுத்துவதே நேர்மை. கன்னடம் இவ்விடத்தில் வேறு வழி செல்கிறது. நம் 'மழைக்காலம்' அங்கு 'மளெகால'. ககரம் இரட்டிக்காமல் ஒலிப்புடைய ஒலியாக மாறும். எல்லையை நாம் ஒற்றால் அடைத்துக் காட்ட, அவர்கள் ஒலியை மெலித்து இரு சொல்லையும் இழைத்துவிடுகின்றனர்.

நார்வே மொழியை இங்கு ஒப்பிடுவது பயன் தரும். அம்மொழி தொகைப்பெயர்களை இடைவெளியின்றி ஒரே சொல்லாக எழுதுகிறது. உறுப்புகளுக்கிடையே சில வேளைகளில் 'ஸ்' அல்லது 'எ' என்னும் இணைப்பொலி வரும். வெள்ளிச் சுரங்கத்தால் எழுந்த கோங்ஸ்பர்க் நகரின் பெயரில் 'கோங்' அரசன், 'பர்க்' மலை, இடையில் நிற்பது இணைப்பொலி. வரியிறுதியில் பிரிக்க நேர்ந்தால் அந்த 'ஸ்' முன்னுறுப்போடேயே தங்கும். நம் வல்லொற்றும் அப்படியே. 'வீன்கிளாஸ்' (மதுக்கிண்ணம்) என்பதில் இணைப்பொலி இல்லை. முன்னுறுப்பே ஒரு தொகையானால் அது தோன்றுகிறது: 'ரோவீன்ஸ்கிளாஸ்' (செம்மதுக்கிண்ணம்). பெரிய பொருத்துவாய் எது என்பதை அது காட்டிவிடுகிறது. நம் 'தங்கச்சுரங்கத் தொழிலாளர்' என்பதில் இரு பொருத்துவாய்களிலும் ஒற்று உண்டு. எது பெரிது என்பதை ஒற்று சொல்வதில்லை, இடைவெளிதான் சொல்கிறது.

மற்றொரு செய்தி இன்னும் சுவையானது. பேருந்து என்னும் 'புஸ்', நிறுத்தம் என்னும் 'ஸ்தொப்' இரண்டும் சேரும்போது எழுத்தில் மூன்று சகர ஒற்றுகள் வரவேண்டும், இரண்டே எழுதுவர். வரியிறுதியில் பிரித்தால் கெட்ட மூன்றாவது மீண்டும் தோன்றும். பொருத்துவாய் அந்த அளவுக்கு அவர்களுக்கு முதன்மையானது. நம் அச்சு மரபோ, புள்ளியெழுத்து வரியின் முதலில் வரலாகாது என்பதோடு அமைதி கொள்கிறது. 'தங்கவ' என்று ஒரு வரி முடிந்து 'யல்' என்று அடுத்த வரி தொடங்குவது எவருக்கும் உறுத்துவதில்லை. மொழிபெயர்ப்பாளரும் பதிப்பாளரும் இதனையேனும் திருத்திக்கொள்ளலாம்.

பிரித்தெழுதுவதால் வரும் கேடும் இரு மொழிக்கும் பொது. நார்வே மொழியில் 'லம்மெலோர்' ஆட்டுத்தொடை. இடைவெளி விட்டால் முடங்கிய தொடைகள். நமக்கோ 'தந்தப் பலகை', 'தந்த பலகை' என்னும் பழைய எடுத்துக்காட்டு உண்டு. ஆயின் 'தங்க வயல்' என இடைவெளியிட்டு எழுதினால் 'தங்குவதற்கு வயல்' என்றும் கொள்ள இடமாகிறது. இங்கு ஒற்றும் துணைக்கு வாராது. 'தங்கச் சென்றான்' என்பதில் செய என்னும் எச்சத்தின் பின்னும் வல்லொற்று மிகுமாதலின், தங்கச் சுரங்கம் என எழுதினும் ஐயம் எஞ்சும். சேர்த்தெழுதுதல் ஒன்றே வழி.

கடன்சொற்களில் விதியை வலிந்து ஏற்றுவோருக்கும் ஒரு சொல். நன்னூலின்படி ரகரத்தின் பின்னும் வேற்றுமையில் வல்லொற்று மிக வேண்டும். 'கோலார்த் தங்கவயல்' என்றே எழுதவேண்டும். எவரும் எழுதுவதில்லை. மைசூர்ப்பாகுகூடக் கடைப்பலகையில் ஒற்றிழந்தே விற்கிறது. ஆயினும் கடன்சொல் என்பதால் மட்டும் விதி விலகுகிறது என்று கூறிவிடவும் முடியாது. 'ரோடு' என்பது 'ரோட்டுக்கடை' ஆகி, 'நாடு' நாட்டுப்பற்று ஆவதுபோல் இரட்டித்து, ஒற்றும் ஏற்கிறது. 'சயனைடு' என்பதோ தங்கவயலில் எத்தனை தலைமுறை வழங்கினும் 'சயனைட்டு' ஆகவில்லை. சொல் எம்மொழியினின்று வந்தது என்பதைவிட, நாட்டு வழக்கில் எவ்வளவு கலந்தது என்பதே புணர்ச்சியைத் தீர்மானிக்கிறது.

நன்னூலைச் செய்வித்த சீயகங்கன், கோலாரின் பழம்பெயரான குவளாலபுரத்தை விருதுப்பெயரிற் கொண்ட கங்கர் மரபினன். அந்நூலின் விதி அவ்வூர்ப் பெயரிலேயே நெகிழ்வதைப் பவணந்தியார் எவ்வாறு கொண்டிருப்பாரோ, அறியோம். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. 'தங்கச்சுரங்கம்' அவ்வூரில் இறந்தகாலத்திற்குரிய சொல்லாயிற்று. 'தங்கவயல்' ஊர்ப்பெயராக நின்றுவிட்டது. மாரிக்குப்பம் இன்னும் இருவகையாகவே எழுதப்படுகிறது. அகராதியாளர் இரு வடிவங்களையும் பதிவு செய்தல் வேண்டும்.