இரட்டைப் பூட்டு

ஜப்பானின் தேசிய நீச்சல் சாம்பியன்ஷிப்பைப் பற்றிப் பேச வந்தவர்கள் 1948ஐத் தொடாமல் போவதில்லை. அந்த ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கிற்கு ஜப்பானுக்கும் ஜெர்மனிக்கும் அழைப்பு இல்லை. ஜப்பான் நீச்சல் சம்மேளனத்தின் தலைவர் மசாஜி தபாதா விட்டுவிடவில்லை. லண்டனில் நீச்சல் நடக்கும் அதே நாட்களில், டோக்கியோவின் மெய்ஜி ஜிங்கு குளத்தில் தேசியப் போட்டியை வைத்தார். 1,500 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் ஹிரோனோஷின் ஃபுருஹாஷி 18 நிமிடம் 37.0 வினாடியில் சுவரைத் தொட்டார். அவருக்கு 0.8 வினாடி பின்னால் ஷிரோ ஹஷிசுமே. லண்டனில் தங்கம் வாங்கிய அமெரிக்கர் ஜேம்ஸ் மக்லேனின் நேரம் 19 நிமிடம் 18.5 வினாடி. இருவரையும் ஒரே குளத்தில் இறக்கியிருந்தால், ஃபுருஹாஷி முடித்தபோது மக்லேனுக்கு முழுதாக ஒரு நீளத்துக்கும் மேல் பாக்கி இருந்திருக்கும். 400 மீட்டரிலும் அதே கதை: டோக்கியோவில் 4:33.4, லண்டனில் பில் ஸ்மித்துக்கு 4:41.0.

சர்வதேசச் சம்மேளனத்தில் ஜப்பான் அப்போது உறுப்பினர் இல்லை; அதனால் இவை உலக சாதனைகளாக ஏறவில்லை. குளம் அளவில் குறைவு, கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்றெல்லாம் வெளிநாட்டில் பேச்சு எழுந்தது. 1949இல் உறுப்புரிமை திரும்பக் கிடைத்ததும், ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த அமெரிக்கத் தேசியப் போட்டிக்கே ஜப்பானியர்கள் போனார்கள். அங்கே ஃபுருஹாஷி 1,500 மீட்டரை 18:19.0இல் முடித்தார். சந்தேகப் பேச்சு அத்தோடு அடங்கியது.

இதை வெற்றிக் கதையாகவே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. 1948இல் அந்தச் சாம்பியன்ஷிப் எதிராளி இல்லாமல் நடந்த சர்வதேசப் போட்டி. பக்கத்துத் தடத்தில் மக்லேன் இல்லாத குறையைக் கடிகாரம் தீர்த்தது. வேறு வழியில்லாத நேரத்தில் அது சரியான ஏற்பாடுதான். ஆனால் கடிகாரம் காட்டியதைப் பந்தயம் அப்படியே உறுதிசெய்துவிடவில்லை. 1952 ஹெல்சின்கியில், ஒலிம்பிக் வாய்ப்பு ஒருவழியாக வந்தபோது, 400 மீட்டர் இறுதியில் ஃபுருஹாஷி எட்டாவது, அதாவது கடைசி. 1950இல் தென்னமெரிக்கப் பயணத்தில் தொற்றிய சீதபேதி அவர் உடலை வாட்டியிருந்தது உண்மை. காலம் கடந்துவிட்டதும் உண்மை. 1,500 மீட்டரில் ஹஷிசுமேவுக்கு வெள்ளி கிடைத்தது. தங்கம் ஹவாயில் வளர்ந்த ஃபோர்ட் கொன்னோவுக்குப் போனது.

இங்கிருந்து அரை நூற்றாண்டு தள்ளி வந்தால், அதே ஃபுருஹாஷி சம்மேளனத் தலைவர் நாற்காலியில் இருக்கிறார். 2000 ஏப்ரல். சிட்னிக்கு ஆள் எடுக்கும் தேசியச் சாம்பியன்ஷிப். 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் சுசு சிபா முதலிடம். சர்வதேசத் தகுதி நேரமும் கையில் இருக்கிறது. அறிவித்த 21 பேர் பட்டியலில் பெயர் மட்டும் இல்லை. உலகத்தோடு மோதிப் பதக்கம் பெறும் தரம் இல்லை என்பது சம்மேளனத்தின் வாதம். 1996 அட்லாண்டாவில் ஜப்பான் நீச்சலில் ஒரு பதக்கம்கூட இல்லாமல் திரும்பியதும், ஒலிம்பிக்கை அனுபவிக்க வந்தேன் என்ற பாணியில் சிபா பேசியது பலருக்குப் பிடிக்காமல் போனதும் பின்னணியில் இருந்தன. அந்தப் பேச்சுதான் காரணமா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாதபடி ஒரு தேர்வு முறை இருந்ததே குறை.

சிபா விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனார். ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. தேர்வை மாற்ற மன்றம் மறுத்தது. ஆனால் அளவுகோலை முன்கூட்டியே தெரிவித்திருந்தால் இந்த வழக்கே வந்திருக்காது என்று சொல்லி, அவருடைய செலவில் 10,000 சுவிஸ் ஃபிராங்கைச் சம்மேளனம் தர வேண்டும் என்றது. ஜப்பான் நீச்சலில் ஒரு தோல்வி இவ்வளவு பயன் தந்ததில்லை. 2004 ஏதென்ஸ் தேர்விலிருந்து விதி எழுத்தில் வந்தது: தேசியப் போட்டியின் இறுதியில் முதல் இரண்டு இடங்களுக்குள் வர வேண்டும், அதே இறுதியில் சம்மேளனம் குறித்த நேரத்துக்குள்ளும் நீந்த வேண்டும். சிபாரிசு, பழைய புகழ், பேட்டியில் பேசியது எதுவும் செல்லாது.

இந்த முறையின் நன்மையை 2021 ஏப்ரலில் பார்க்க முடிந்தது. 2019 பிப்ரவரியில் ரத்தப் புற்றுநோய் என்று கண்டறியப்பட்ட ரிகாகோ இகே, 100 மீட்டர் பட்டர்ஃபிளையில் 57.77 வினாடியில் முதலாவதாக வந்து மெட்லி ரிலேயில் இடம் பிடித்தார். தேர்வுக் குழு ஒன்று மூடிய அறையில் அவரை எடுத்திருந்தால் அனுதாபம் என்று சொல்லியிருப்பார்கள். விட்டிருந்தால் கல்நெஞ்சம் என்று சொல்லியிருப்பார்கள். ரிலேக்கான வரம்பு 57.92. அதற்குமேல் யாரும் வாய் திறக்க இடமில்லை.

ஆனால் அதே வரம்புதான் இந்த விதியின் மறுபக்கத்தையும் காட்டிக்கொடுக்கிறது. 57.92 என்பது சர்வதேசத் தகுதி நேரமும்கூட. தேசியப் பட்டம் வென்று, உலகம் கேட்ட நேரத்தையும் காட்டிய ஒருவருக்குத் தனிப் போட்டியில் இடமில்லை. ஏனென்றால் அதற்குச் சம்மேளனம் தானே வைத்துக்கொண்ட வரம்பு 57.10. டோக்கியோ ஒலிம்பிக்கில் இகே ரிலேக்களில் மட்டுமே நீந்தினார்.

2016இல் இது இன்னும் அப்பட்டமாக நடந்தது. நான்கு ஒலிம்பிக் தங்கம் வென்ற கொசுகே கிடாஜிமா, ஐந்தாவது ஒலிம்பிக்கைக் குறிவைத்து 100 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் இறங்கினார். ரியோவுக்குச் சம்மேளன வரம்பு 59.63. அரையிறுதியில் அவர் நேரம் 59.62, நூறில் ஒரு வினாடி உள்ளே. இறுதியில் 59.93, இரண்டாம் இடம். அரையிறுதி நேரம் கணக்கில் வராது. இறுதியில் இடம் கிடைத்தது, நேரம் கிடைக்கவில்லை. முந்திய நாள் நேரம் கிடைத்தது, அன்று இடத்துக்கு மதிப்பில்லை. சர்வதேச வரம்போ 1:00.57. அமெரிக்கத் தேர்வு விதி இங்கே இருந்திருந்தால், இரண்டாம் இடத்தோடு வந்த இதே 59.93 அவருக்கு டிக்கெட் வாங்கித் தந்திருக்கும்.

கிடாஜிமாவுக்கு அப்போது வயது 33. 200 மீட்டரில் ஐந்தாவதாக வந்து ஓய்வு பெற்றார். பெரிய பெயர் என்பதால் விதிவிலக்கு கேட்பது என் வாதமல்ல; அவர் பெயரை எடுத்துவிட்டே பார்க்கலாம். அந்த இறுதியில் முதலாவதாக வந்த யசுஹிரோ கொசெகியின் நேரம் 59.66. அவரும் வரம்பைத் தாண்டவில்லை! 200 மீட்டரில் தகுதி பெற்றதால் ரியோவில் 100 மீட்டரையும் நீந்த முடிந்தது. அங்கே 59.37இல் ஒலிம்பிக் இறுதியில் ஆறாவதாக வந்தார். உலக இறுதிக்குத் தகுதியானவரைத் தகுதியற்றவர் என்று காட்டிய அளவுகோலை என்னவென்று சொல்வது?

கடுமைதான் பதக்கம் தருகிறது என்பவர்கள் எண்களை எடுத்துவைப்பார்கள். சிட்னியில் 4 பதக்கம், புதிய விதி வந்த ஏதென்ஸில் 8, லண்டனில் 11. சரி. ஆனால் பெய்ஜிங்கில் 5, ரியோவில் 7, டோக்கியோவில் 3, பாரீஸில் 1. விதி அப்படியேதான் இருந்தது. ஏற்றத்துக்கு விதியைக் காரணம் காட்டினால் இறக்கத்துக்கும் அதையே காட்ட வேண்டும். இரண்டும் சரியில்லை. ஒரு தலைமுறையில் கிடாஜிமா பிறக்கிறார், இன்னொன்றில் பிறக்கவில்லை. பயிற்சியாளர்கள், கல்லூரிகள், பணம் என்று அதற்கு வேறு காரணங்கள் உண்டு.

ஆகவே என் தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. விதியை முன்கூட்டி எழுதி, எல்லாருக்கும் ஒரே நாளில், ஒரே குளத்தில் வாய்ப்புத் தருவது சிபா பெற்றுத் தந்த உரிமை. அதில் கை வைக்கக் கூடாது. ஆனால் இடம் ஒரு பூட்டு, நேரம் இன்னொரு பூட்டு, இரண்டும் ஒரே நிமிடத்தில் திறக்க வேண்டும் என்பது 1948இன் மிச்சம். எதிராளி இல்லாத காலத்தில் கடிகாரத்தை நம்பிய சம்மேளனம், எதிராளிகள் பக்கத்துத் தடத்திலேயே நீந்தும் காலத்திலும் அதையே நம்புகிறது. நேர வரம்பு சர்வதேச அளவில் நின்றால் போதும். அதை எந்தச் சுற்றில் எட்டினாலும் செல்ல வேண்டும். இறுதியில் வந்த இடமே ஆளைத் தீர்மானிக்க வேண்டும். 2024 பாரீஸுக்கு ஆள் எடுப்பதைச் சாம்பியன்ஷிப்பிலிருந்து பிரித்து, மார்ச்சில் தனித் தேர்வுப் போட்டியாக நடத்தினார்கள். மாற்றியது போட்டியின் பெயரையும் மாதத்தையும்தான். பூட்டு இரண்டும் அந்தக் கதவிலும் தொங்கின.