கொடுமை என்றொரு சொல்

சட்டத்தையும் ஒரு பிரதியாகவே வாசிக்கிறேன். 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தில் 'கொடுமை'க்கு வரையறை இல்லை. மூலப் பிரதியில் அது நீதிமன்றப் பிரிவினைக்கு மட்டுமே காரணம். அதற்கும், சேர்ந்து வாழ்ந்தால் தீங்கு நேரும் என்ற அச்சத்துக்கு நியாயம் காட்டியாக வேண்டும். 1976 திருத்தம் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டு, கொடுமையை மணவிலக்குக்கே காரணமாக்கியது. நல்லதுதான். ஆனால் வெற்றிடமாக விடப்பட்ட சொல்லை யார் நிரப்புவது?

2016ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் நிரப்பியது: தக்க காரணமின்றிக் கணவனைப் பெற்றோரிடமிருந்து பிரிந்துவர வற்புறுத்துவது கொடுமை. பெற்றோரைக் காப்பது மகன் கடமை, மணமானவள் கணவன் குடும்பத்தவள் என்பது அதன் தர்க்கம். அப்ப தன் அப்பா அம்மாவை விட்டுட்டு வந்தவளோட கணக்கு எதுல வரும்? அவன் வீட்டை விட்டால் கொடுமை. அவள் விட்டால் கல்யாணம்.

ஜீவனாம்சத்திலும் இதே கதையாடல்தான். 25ஆம் பிரிவு வருமானம், சொத்தோடு நடத்தையையும் பார்க்கச் சொல்கிறது. உத்தரவு கிடைத்த பின்னும் அதை மாற்றவோ ரத்து செய்யவோ வழி உண்டு. பெறுபவர் கணவன் என்றால், மணத்துக்கு வெளியே ஒரு பெண்ணோடு உடலுறவு கொண்டதைக் காட்ட வேண்டும். மனைவி என்றால், கற்போடு இல்லை என்பது வாசகம். அவனுக்கு ஒரு செயல். அவளுக்கு ஒரு குணம். மண உறவு முடிந்த பின்னும் கண்காணிப்பு முடியவில்லை.

நீதிபதியோட நல்ல மனசு பற்றியதல்ல என் கேள்வி. எந்த வீட்டை இயல்பான வீடாக வைத்து இந்தப் பிரதி எழுதப்பட்டது? கோர்ட்டுக்குப் போகும் பெண்களோடு நிற்கும் நாம் அந்த வீட்டையும் விசாரிக்கணும்.