அளவெடுத்த காதும் வளரும் காதும்

காதோரம் ஒரு நூல் தொங்குகிறது. அதன் மறுமுனையில் கட்டிய பஞ்சை, வெளிச்சம் தரும் மெல்லிய குச்சியால் காதுக்குழாயின் இரண்டாவது வளைவுக்கு அப்பால் தள்ளி நிறுத்தியிருக்கிறார் ஆடியாலஜிஸ்ட். செவிப்பறையைக் காக்கும் அணை அது. பிறகு இரண்டு நிறச் சிலிகான் பசையை ஒரே நிறமாகும்வரை பிசைந்து சிரிஞ்சில் அடைத்து, உள்ளிருந்து வெளியே வரும்படி காதை நிரப்புகிறார். ஐந்து நிமிடம் பொறுத்தால் பசை ரப்பராகிவிடும். மேல்மடிப்பை முதலில் விடுவித்து மெல்லத் திருகி இழுத்தால், ஒரு காதின் உள்வடிவம் அப்படியே உள்ளங்கைக்கு வந்துவிடும்.

அந்த அச்சை வைத்துச் செய்யும் மோல்டுதான், காதுக்குப் பின்னால் உட்காரும் கருவியின் ஒலியைச் செவிப்பறைக்குக் கொண்டுபோகிறது. ஊரில் கருவிக்குப் பெயர் 'காது மிஷின்'. பேச்செல்லாம் மிஷினைப் பற்றித்தான்: எந்தக் கம்பெனி, என்ன விலை, பேட்டரி எத்தனை நாள் வரும். மோல்டு அதோடு ஒட்டிக்கொண்டு வரும் சில்லறைச் சாமான். ஆனால் மிஷின் காதில் இருக்குமா பீரோவில் இருக்குமா என்பதில் இந்தச் சில்லறைச் சாமானுக்குப் பெரிய பங்கு உண்டு.

காது கேளாதோர் கல்வியில் தாமிரபரணிக் கரைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. மும்பையில் 1885-லும் கல்கத்தாவில் 1893-லும் பள்ளிகள் வந்தன. அந்த 1890-களிலேயே பாளையங்கோட்டையில் மிஷனரி பிளாரன்ஸ் சுவைன்சன் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அன்று மோல்டுக்குத் தேவை எழவில்லை. செவிக்கொம்பு ஒலியைத் திரட்டிக் காதுக்குள் அனுப்பியது, அவ்வளவுதான். மின்சாரத்தால் ஒலியைப் பெருக்கத் தொடங்கிய பிறகே சிக்கல் பிறந்தது. பெருக்கிய ஒலி காதின் இடுக்கு வழியே கசிந்து மைக்கில் நுழைந்தால், அதையே கருவி மறுபடி பெருக்கும். 'கொய்ங்' என்ற அந்தச் சத்தம் கருவி கெட்டதற்கு அடையாளமல்ல. பெரும்பாலும் மோல்டு தளர்ந்ததற்கு அடையாளம்.

அளவெடுத்துச் செய்யும் முறையின் வலிமை இங்கேதான். கடுமையான கேட்புக் குறை உள்ளவருக்கு அதிகப் பெருக்கம் வேண்டும். அதிகப் பெருக்கத்துக்கு இறுக்கமான அடைப்பு வேண்டும். பாக்கெட்டில் வரும் ரெடிமேட் ரப்பர் குமிழ் அதைத் தாங்காது. குனிந்து நிமிர்ந்து வேலை செய்பவர் காதிலிருந்து அது நழுவியும் விடும். மோல்டு அப்படியல்ல. அதைப் பிடித்து வைப்பது காதுமடலின் உட்குழிவும் மேல்மடிப்பும். பாம்படம் போட்டுக் காதுமடலின் நுனி தோள்வரை தொங்கும் நெல்லைப் பாட்டிக்கும் அது கச்சிதமாக நிற்கும், ஏனென்றால் மோல்டுக்கும் அந்த நுனிக்கும் தொடர்பே இல்லை. கடின அக்ரிலிக்கில் செய்தால் உறுத்தும் இடத்தை அங்கேயே ராவிச் சரிசெய்யலாம், குழாயை எளிதாக மாற்றலாம்.

குறைகளும் அதே இறுக்கத்திலிருந்துதான் வருகின்றன. காதை முழுதாக அடைத்தால், பானைக்குள் தலையை விட்டுப் பேசியதுபோல் சொந்தக் குரலே முழங்கும். அதைத் தணிக்க மோல்டில் காற்றுத் துளை போடுவார்கள். துளை பெரிதானால் கசிவும் விசிலும் திரும்பி வரும். குழந்தை விழுந்தால் அக்ரிலிக் காயப்படுத்தலாம். மெத்தென்ற சிலிகானோ உறுத்தினால் ராவ எளிதில் வளைந்துகொடுக்காது. ஈரப்பதமான ஊரில் அடைத்த காது வேர்க்கும், அரிக்கும், பூஞ்சை பிடிக்கும். சீழ் வடியும் காதுள்ளவர் மருத்துவரிடம் காட்டிக் காய வைத்த பிறகே மோல்டு போட முடியும். ஆற்றில் முங்கிவிட்டு ஈரக்காதில் மாட்டுவதும், காதுக்கு எண்ணெய் விடும் வீட்டு வழக்கமும் நிலைமையை மோசமாக்கும்.

இன்னொரு குறை கண்ணுக்குத் தெரியாதது. அச்சு எடுக்கும்போது காது அசையாமல் இருக்கிறது. வாழ்க்கையில் அப்படி இருப்பதில்லை. தாடை அசையும்போது காதுக்குழாயின் முன்சுவரும் அசையும். வாயை மூடிக்கொண்டு எடுத்த அச்சில் செய்த மோல்டு, சாப்பிடும்போது விசிலடிக்கலாம். அதனால் பசை உறையும்போது நோயாளியைப் பேசச் சொல்வதும், வாய்க்குள் ஒரு கட்டையைக் கடிக்கச் சொல்வதும் உண்டு. பல் விழுந்தாலோ உடம்பு இளைத்தாலோ முதியவரின் காதுக்குழாய் வடிவம் மாறும். போன வருடம் பொருந்திய மோல்டு இந்த வருடம் லொடலொடக்கும்.

புதிய டிஜிட்டல் கருவிகள் விசிலைத் தாமே அடக்கிவிடுகின்றன. வசதிதான், ஆனால் சில கருவிகள் விசில் எழும் உயர்சுருதியில் பெருக்கத்தைக் குறைத்தே அதைச் செய்கின்றன. ச, ஸ, ஷ ஒலிகளின் இருப்பிடமும் அந்த உயர்சுருதிதான். விளைவு: மிஷின் சத்தம் போடுவதில்லை, பிள்ளைக்குக் 'காசு'க்கும் 'காது'க்கும் வித்தியாசம் தெரிவதில்லை. விசில் இல்லாததே நல்ல பொருத்தத்துக்குச் சான்று என்று நினைக்கும் பெற்றோர் ஏமாந்துபோகிறார்கள்.

அரசின் ஏற்பாடும் கருவியை எண்ணிப் பழகியதே தவிர மோல்டை எண்ணிப் பழகவில்லை. அதற்குக் காரணம் உண்டு. செவிக்கருவியால் பயன்பெறக் கூடியவர்களில் சுமார் 17 விழுக்காட்டினரே அதைப் பயன்படுத்துவதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அறிக்கை சொல்கிறது. முதலில் கருவி போய்ச் சேரட்டும் என்ற அவசரம் நியாயமானதே. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் வழங்க 1981 முதல் நடக்கும் மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டத்தில், ஒருவர் அதே உதவியை மறுபடி பெற 3 ஆண்டு இடைவெளி வேண்டும். 12 வயதுக்கு உட்பட்டவருக்கு ஓராண்டு. கருவியின் ஆயுளுக்கு அது பொருந்தும் கணக்கு. குழந்தையின் காதுக்குப் பொருந்தாது: கைக்குழந்தைக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை புது மோல்டு வேண்டும், பள்ளி சேரும்வரை ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு வேண்டியிருக்கும். முக்கூடலில் பீடி சுற்றும் தாய் இதற்காகப் பாளையங்கோட்டை வந்துபோனால் அன்றைய கூலி போச்சு.

மாற்று வழி இல்லாமலில்லை. லேசான குறையுள்ள முதியவருக்கு ரப்பர் குமிழே போதும்; மோல்டு அவருக்கு வீண் அடைப்பு. அச்சை ஸ்கேன் செய்து முப்பரிமாண அச்சில் மோல்டு செய்யும் ஆய்வகங்கள் வந்துவிட்டன. கோப்பு கையிலிருப்பதால், தொலைந்த மோல்டை மறுபடி அச்செடுக்காமலே செய்துவிடலாம். ஆனால் வளர்ந்துவிட்ட காதுக்கு அந்தப் பழைய கோப்பு உதவாது. கூரியர் வரும்வரை பிள்ளை கேளாமல் காத்திருக்கவும் வேண்டும். ராவும் கருவியும் கைப்பழக்கமும் உள்ள ஒருவர் பக்கத்தில் இருப்பதற்கு அது ஈடாகாது.

செய்யக்கூடியது சிறியதுதான். மோல்டு கொடுக்கும் அன்றே ஒரு முறுக்கைக் கடிக்கச் சொல்லி, குனியச் சொல்லி, சிரிக்கச் சொல்லிப் பார்க்கலாம். வலது காதுக்குச் சிவப்பு, இடதுக்கு நீலம் என்று அடையாளம் காட்டி, வீட்டாரையே ஐந்து முறை மாட்டிக் கழற்ற வைக்கலாம். 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்குப் போகிறது. எடையும் உயரமும் பார்க்கும் அந்தக் குழு, மிஷின் போட்ட பிள்ளையின் மோல்டை லேசாக அசைத்துப் பார்த்து, குழாய் மஞ்சளித்து விறைத்திருக்கிறதா, உள்ளே நீர்த்துளி தேங்கியிருக்கிறதா என்று கவனிக்க இரண்டு நிமிடம் ஆகும். மழைக்காலத்தில் 'மிஷின் செத்துப்போச்சு' என்று பேட்டரி மேல் பேட்டரி மாற்றும் வீடுகளில், சில சமயம் அந்த ஒரு துளியை ஊதி வெளியேற்றினாலே கருவி மறுபடி பேசத் தொடங்கிவிடும்.