வாங்க ஆள் இருக்கும்வரை

2024 ஆகஸ்டில் டெல்லியைச் சேர்ந்த ரிசோர்ஸ்ஃபுல் ஆட்டோமொபைல் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது. இரண்டு யமஹா பைக் ஷோரூம்கள், 8 ஊழியர்கள்; அவ்வளவுதான் நிறுவனம். அது கேட்டது சுமார் 12 கோடி ரூபாய். வந்து குவிந்த விண்ணப்பங்களின் மதிப்போ 4,700 கோடியைத் தாண்டியது. ஐபிஓ விலை 117 ரூபாய். சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான பிஎஸ்இ எஸ்எம்இ தளத்தில் பட்டியலானதும் அதே 117 ரூபாய்க்குத்தான். முதலீட்டாளர்களின் பேராசையைப் பற்றி ஊரெல்லாம் பேசினார்கள். இந்தப் பங்கை நாளைக்கு விற்க நினைத்தால் யார் வாங்குவார் என்ற கேள்வி மட்டும் அதிகம் காதில் விழவில்லை.

அதற்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி தயாராக வைத்திருக்கும் பதில், மார்க்கெட் மேக்கர். எஸ்எம்இ தளத்தில் பட்டியலாகும் ஒவ்வொரு பங்குக்கும் முதல் 3 ஆண்டுகள் இப்படியொரு புரோக்கர் கட்டாயம். வெளியீட்டில் 5 சதவீதப் பங்குகள் அவருக்கு ஒதுக்கப்படும். வர்த்தக நேரத்தில் 75 சதவீதம், வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் அவர் திரையில் காட்டியாக வேண்டும். காட்டிய விலைக்கு ஆள் வந்தால் மறுக்க முடியாது.

ஏற்பாட்டில் நியாயம் இருக்கிறது. பெரிய கம்பெனிப் பங்குகளில் எந்த நேரமும் ஆயிரக்கணக்கான ஆர்டர்கள் வரிசையில் நிற்கும். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் சில காசுகள்தான் வித்தியாசம். சின்னப் பங்கில் அப்படியில்லை. நாள் முழுக்க ஒரு லாட்கூடக் கைமாறாமல் கிடக்கலாம். யாருமே சீண்டாத பங்கைத் தன் கைக்காசைப் போட்டு வாங்கி வைத்துக்கொள்கிறவருக்குக் கூலி வேண்டாமா? இரு விலைகளுக்கும் நடுவே உள்ள ஸ்பிரெட்தான் அந்தக் கூலி. அவர் இல்லையென்றால் அவசரத்துக்கு விற்பவர் எதிரே வந்து நிற்கும் முதல் ஆளிடம், அந்த ஆள் கேட்கும் விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான்.

கூலி எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டால்தான் உறைக்கும். விலை 100 ரூபாய்க்கு மேல் என்றால் ஸ்பிரெட் 5 சதவீதம் வரை போகலாம். 50 ரூபாய்க்குள் என்றால் 9 சதவீதம் வரை. ரிசோர்ஸ்ஃபுல் ஐபிஓவில் ஒரு லாட் 1,200 பங்குகள், அதாவது 117 ரூபாய் விலையில் 1,40,400 ரூபாய். உச்சவரம்பு ஸ்பிரெட்டில் வாங்கி, மனம் மாறி அடுத்த நிமிடமே விற்றால் ஏறத்தாழ 7,000 ரூபாய் போச்சு. பங்கு ஒரு பைசாகூட இறங்கியிருக்காது. தினசரி டிரேடிங் செய்யலாம் என்று இந்தப் பக்கம் வருகிறவர்கள் இதைப் புரோக்கரேஜ் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

ஆனாலும் இது கண்ணுக்குத் தெரிகிற செலவு. தெரியாத ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. 20 கோடி ரூபாய்க்கு உட்பட்ட வெளியீடுகளில், மார்க்கெட் மேக்கரின் கையிருப்பு வெளியீட்டின் 25 சதவீதத்தைத் தொட்டுவிட்டால், வாங்கும் விலை காட்டுவதிலிருந்து அவருக்கு விலக்கு. 24 சதவீதத்துக்கு இறங்கினால் மீண்டும் வர வேண்டும். 12 கோடி வெளியீட்டில் 25 சதவீதம் என்பது 3 கோடி. தொடக்க ஒதுக்கீடே 60 லட்சம், மீதி 2.4 கோடி. விண்ணப்பித்த கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். பங்கு கிடைத்தவர்களில் நாலில் ஒரு பங்கினர் ஒரே வாரத்தில் வெளியேற நினைத்தாலே அந்த வரம்பு நிரம்பிவிடும். அதன்பின் திரையில் விற்பவர்கள் மட்டும். பங்கு தினமும் லோயர் சர்க்யூட்டில், அதாவது ஒரு நாளில் இறங்க அனுமதிக்கப்பட்ட கடைசி விலையில், பூட்டிக்கொள்ளும். சந்தை அமைதியாக இருக்கும்போது காவல் நிற்கிறவருக்கு, கலவரத்தன்று சட்டப்படி லீவு.

நியமன முறையும் உறுத்துகிறது. மார்க்கெட் மேக்கரோடு ஒப்பந்தம் போடுவது கம்பெனியும் அதன் மெர்ச்சன்ட் பேங்கரும். ஒரு பங்குக்கு 5 பேர் வரை இருக்கலாம் என்கிறது விதி, பெரும்பாலும் ஒருவர்தான். போட்டி இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் நாஸ்டாக்கில் ஒரே பங்குக்குப் பல டீலர்கள் போட்டியிட்ட காலத்தில், கிறிஸ்டி, ஷுல்ட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1991-ஆம் ஆண்டு விலைகளைத் தோண்டினார்கள். முன்னணிப் பங்குகள் 100-ல் 70-க்கு 1/8, 3/8, 5/8, 7/8 டாலர் என்று விலை சொல்வதையே டீலர்கள் கிட்டத்தட்டத் தவிர்த்திருந்தார்கள். அதனால் ஸ்பிரெட் கால் டாலருக்குக் கீழே இறங்கவில்லை. 1994-இல் அந்த ஆய்வு பத்திரிகைகளில் வந்ததும் சில பங்குகளில் இடைவெளி சட்டென்று சுருங்கியது! டீலர் நிறுவனங்கள் கடைசியில் 100 கோடி டாலருக்கு மேல் கொடுத்து, இதையொட்டி எழுந்த வழக்கை முடித்துக்கொண்டன.

இதை வைத்து, விலை இறங்கும்போதெல்லாம் மார்க்கெட் மேக்கர்தான் அமுக்கிவிட்டார் என்று புலம்புவது சரியல்ல. கையில் சரக்கை வைத்திருப்பவருக்கு விலைச் சரிவால் நஷ்டம்தான். அவர்மீது சொல்லத்தக்க குறை, இருக்க வேண்டிய நேரத்தில் இல்லாமல் போவது. அதையும் விதியே அனுமதிக்கிறது. ஆகவே மார்க்கெட் மேக்கர் முறையை ஒழிக்கத் தேவையில்லை. ஒவ்வொரு எஸ்எம்இ பங்கிலும் அவருடைய கையிருப்பு எத்தனை சதவீதம், விலக்கு வரம்புக்கு இன்னும் எவ்வளவு பாக்கி என்ற இரண்டு எண்களை எக்ஸ்சேஞ்சுகள் தினமும் மாலை வெளியிட வேண்டும். செபி ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும்.